சிஸ்டர் குறை சொன்ன குணமும் சொல்லாமல் விட்ட குணமும்

கேள்வி:

“எனக்கு 34 வயது. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு வைத்தியசாலையின் மருத்துவ விடுதியில், அதாவது வாட்டில், தாதியாக இருக்கிறேன். ஒன்பது வருட சேவை. வீடு வாவிக்கு அக்கரையில், படுவான்கரைப் பக்கம். கணவர் கட்டாரில். ஏழு வயது மகன் அம்மாவோடு நிற்கிறான். வீடு கட்டின கடன் இருப்பதால் ஓ.டி. (மேலதிக நேர வேலை) கிடைத்தால் விடுவதில்லை. யாராவது லீவு போட்டால் முதல் போன் எனக்குத்தான் வரும். நான் ஒருநாளும் ஏலாது என்று சொன்னதில்லை.

நாலைந்து மாதமாக நான் நானாக இல்லை. டியூட்டிக்கு வந்து ஸ்கூட்டியை நிறுத்தினால் இறங்க மனம் வராமல் பத்து நிமிசம் அப்படியே இருக்கிறேன். போன கிழமை ஒரு ஐயாவின் மகள் மூன்றாவது தரமும் ‘சேலைன் முடியுது மிஸ்ஸி’ என்று வந்து நின்றா. ‘உங்கட அப்பா மட்டுமா இஞ்ச இருக்கார்?’ என்று கத்திப்போட்டன். அன்று இரவே அந்த ஐயா இறந்துபோனார். எனக்கு அழுகை வரவில்லை. பெயர்கூட ஞாபகம் இல்லை, கட்டில் நம்பர் மட்டும்தான் மனதில் நின்றது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

விடுதிக்குப் பொறுப்பான சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, ‘சின்ன விசயத்துக்கும் யோசிக்கிற ஆள் நீங்க, உங்கட குணம் இந்த வேலைக்குச் சரிவராது’ என்றார். போனில் ஒரு ஆளுமைப் பரீட்சை செய்து பார்த்தேன். மனப்பதற்றம் மிக அதிகம் என்று வந்தது. என்னோடு படித்தவள் இதே விடுதியில், இதே ரோஸ்டரில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு வீடு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில். நான் பிழையான தொழிலுக்கு வந்துவிட்டேனா? குணத்தை மாற்ற ஏலுமா? இல்லாவிட்டால் வேலையை விடுவதா?”

பதில்:

தங்கச்சி, நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளையும் விட, அந்தக் கட்டில் நம்பர் வரியில்தான் நான் கனநேரம் நின்றேன். உளவளத்துணைக்கு வருவதற்கு முன் நானும் பதினொரு வருடம் வெள்ளை யூனிபோம் போட்டவள். சத்திரசிகிச்சை விடுதியில் நின்ற காலம். ஒரு விடியற்காலை வயதான அம்மா ஒருவர் கண்ணை மூடினார். எனக்கு முதலில் வந்தது ‘அப்பாடா, ஒரு கட்டில் காலி’ என்ற நிம்மதி. நிலத்தில் பாயில் இரண்டு பேர் கிடந்தார்கள், அதுதான் என் கணக்கு. டியூட்டி முடிந்து பஸ்ஸில் கல்லடிப் பாலத்தைத் தாண்டும்போதுதான் நான் நினைத்தது என்னவென்று எனக்கே உறைத்தது. மூன்று நாள் வீட்டில் ஒருவரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதனால் உங்களைப் பார்த்து ‘இப்படியும் ஒரு மிஸ்ஸியா’ என்று கேட்க நான் ஆளில்லை.

இதற்குப் பெயர் இருக்கிறது. வேலையால் மனம் கருகிப்போவதைப் பர்ன்அவுட் என்கிறார்கள். கிறிஸ்டினா மஸ்லாக் என்ற அமெரிக்க உளவியலாளரும் சூசன் ஜாக்சனும் 1981இல் இதை அளக்க 22 கூற்றுகள் கொண்ட ஒரு வினாக்கொத்தை வெளியிட்டார்கள். அதில் மூன்று பக்கம் பார்ப்பார்கள். ஒன்று, மனம் வற்றிப்போவது. ஸ்கூட்டியில் நீங்கள் இருக்கும் அந்தப் பத்து நிமிசம் அதுதான். இரண்டாவது, நோயாளி மனிதராகத் தெரியாமல் கட்டிலாக, நம்பராக, வேலையாகத் தெரிவது. மூன்றாவது, ‘நான் செய்து என்ன கண்டது’ என்று தன் வேலையின் மதிப்பே தெரியாமல் போவது. ‘பிழையான தொழிலுக்கு வந்துவிட்டேனா’ என்று ஒன்பது வருடம் கழித்துக் கேட்கிறீர்களே, அதில் அந்த மூன்றாவதின் வாடை அடிக்கிறது.

இரண்டாவதைப் பற்றித்தான் நீங்கள் கூடப் பயப்படுகிறீர்கள். கல் நெஞ்சாகிவிட்டேன் என்று நினைக்கிறீர்கள். கல் நெஞ்சுக்காரி பயப்பட்டு எனக்குக் கடிதம் எழுதமாட்டாள். சூடான சட்டியைத் தொட்ட கை தானாக இழுத்துக்கொள்கிற மாதிரி, தாங்க ஏலாத அளவுக்குச் சாவும் வேதனையும் பார்த்த மனம் கொஞ்சம் பின்னுக்குப் போய் நிற்கிறது. அது மனம் தன்னைக் காப்பாற்றச் செய்கிற வேலை. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் நோயாளிக்கும் கூடாது, உங்களுக்கும் கூடாது. அதனால் இதைச் சும்மா விடவும் முடியாது.

இனி சிஸ்டர் சொன்னதற்கு வருவோம். முழுக்கப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். குணத்துக்கும் பர்ன்அவுட்டுக்கும் தொடர்பு இருக்கிறது. உளவியலில் ஆளுமையை ஐந்து பெரும் பண்புகளாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம்: மனம் சீக்கிரம் தளம்புகிற தன்மை, ஆட்களோடு கலகலப்பாகப் பழகுவது, புதியதை ஏற்பது, இணங்கிப் போவது, பொறுப்போடு ஒழுங்காகச் செய்வது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2009இல் வந்தது. மனம் சீக்கிரம் தளம்புகிறவர்களிடம் பர்ன்அவுட் கூடுதல் என்று அது காட்டியது. கலகலப்பும் பொறுப்பும் இணக்கமும் உள்ளவர்களிடம் பொதுவாகக் குறைவு. தாதியர்களிடம் செய்த ஆய்வுகளும் பெரும்பாலும் இந்தப் பக்கமே சாய்கின்றன. உங்கள் கூட்டாளி சிரிப்பதற்கு இதிலும் ஒரு பங்கு இருக்கலாம்.

ஆனால் உங்கள் போன் பரீட்சையை நான் கணக்கில் எடுக்கமாட்டேன். ஏன் என்று ஒரு மிஸ்ஸிக்கு விளங்கப்படுத்துவது லேசு. 103 பாகை காய்ச்சலோடு வந்து படுத்திருப்பவரின் நாடியைப் பிடித்துப் பார்த்து, ‘உங்களுக்குப் பிறவியிலேயே நாடி வேகம்’ என்று எழுதுவீர்களா? காய்ச்சல் இறங்கட்டும் என்பீர்கள். நித்திரை இல்லாமல், கருகிப்போன மனதோடு ‘நான் எளிதில் பதறுவேன்’ என்ற வரிக்குப் பதில் சொன்னால் ஆம் என்றுதான் விழும். அது உங்கள் குணமா, உங்கள் களைப்பா என்று அந்தப் பரீட்சைக்குத் தெரியாது. ஆய்வுகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஒரே நாளில் குணத்தையும் பர்ன்அவுட்டையும் சேர்த்துக் கேட்டால் எது முதல் வந்தது என்று பிரிக்க முடியாது. வேண்டுமென்றால் இப்படிச் செய்து பாருங்கள். தாதியர் பயிற்சிக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தபோது நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். அம்மாமாருக்கு இதெல்லாம் வினாக்கொத்தே தேவையில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. லிண்டா ஏக்கன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 வைத்தியசாலைகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தாதியரைப் பார்த்து 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு தாதி பார்க்க வேண்டிய நோயாளர் எண்ணிக்கையில் ஒருவர் கூடினால், அவர் கருகிப்போவதற்கான சாத்தியம் 23 வீதம் கூடுகிறது. சத்திரசிகிச்சை செய்தவர்கள் 30 நாளுக்குள் இறப்பதற்கான சாத்தியமும் 7 வீதம் கூடுகிறது. அந்த வைத்தியசாலைகளில் பதறுகிறவர்களும் இருந்திருப்பார்கள், சிரிக்கிறவர்களும் இருந்திருப்பார்கள். குணம் மட்டும்தான் காரணம் என்றால், கட்டில் கூடக் கூட இது ஏன் கூட வேண்டும்? உலக சுகாதார நிறுவனமும் 2019இல் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் பர்ன்அவுட்டை ஒரு நோயாகப் போடவில்லை. சமாளிக்கப்படாத, நீண்டகால வேலை அழுத்தத்தின் விளைவு என்றுதான் போட்டது. வேலை என்ற சொல் அந்த விளக்கத்துக்குள்ளேயே இருக்கிறது, பார்த்தீர்களா.

சிஸ்டரை நான் வில்லி ஆக்கவில்லை. ஆள் இல்லாத ரோஸ்டரை வைத்துக்கொண்டு மாதாமாதம் அல்லாடுகிற அவரும் கருகித்தான் இருப்பார். ஆள் பற்றாக்குறை என்று மேலே எழுதிப் போட்டால் பதில் வராது. குணம் என்று கீழே சொல்லிவிட்டால் கதை அதோடு முடிந்தது.

இப்போது எனக்குக் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். சிஸ்டர் குறை சொன்ன குணம் ஒன்று. உங்களை உருக்குகிற குணம் வேறு. அதை நீங்களே கடிதத்தில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள்: “நான் ஒருநாளும் ஏலாது என்று சொன்னதில்லை.” இதைச் சிஸ்டர் ஒருநாளும் குறையாகச் சொல்லமாட்டார். இதில்தானே அவருடைய வாட்டு ஓடுகிறது. பொறுப்பும் இணக்கமும் ஆய்வுகளில் காப்பாற்றுகிற பக்கம் நிற்கிற குணங்கள் என்று சொன்னேன். உண்மைதான். ஆனால் நான் இத்தனை வருடம் கண்ட அளவில், ‘முதல் போன்’ யாருக்கு வருமோ அந்த மிஸ்ஸியிடம் அவை காவலாக நிற்பதில்லை. எல்லாருக்கும் திறந்த படலையாகிவிடுகின்றன. காலை ஏழுக்கு வந்து ஒரு மணிக்கு முடிக்க வேண்டியவள் பின்னேர டியூட்டியையும் பிடித்து, ஒருநாள் விட்டு நைட்டுக்கும் வந்து நிற்பாள். நல்ல பிள்ளை என்று பெயர் எடுப்பாள். மறுகா ஒருநாள் யாரோ ஒரு மகள் சேலைன் முடியுது என்று வந்து நிற்பாள், அப்போது வெடிக்கும்.

கூட்டாளியோடு ஒப்பிடுவதையும் விடுங்கள். ரோஸ்டர் ஒன்றுதான். ஆனால் அவள் ஏழு மணிக்கு வாட்டை விட்டு இறங்கினால் ஏழேகாலுக்குத் தலையணையில் தலை வைப்பாள். நீங்கள் வாவியைத் தாண்டி, மகனை வெளிக்கிடுத்தி, பள்ளிக்கு ஏற்றி, கட்டாரிலிருந்து வரும் போனுக்கும் பதில் சொல்லிப் படுக்கப் பத்து மணியாகும். அதே நைட், அதே ஏழு மணி. ஒரு கிழமைக்கு இது எத்தனை மணித்தியால நித்திரை என்று கணக்குப் பாருங்கள். அதற்குப் பிறகு வேண்டுமென்றால் குணத்தைப் பற்றிக் கதைப்போம்.

இனிச் செய்ய வேண்டியது. முதலில் ஒரு கொப்பியை எடுத்துப் போன இரண்டு மாத டியூட்டியை எழுதுங்கள். காலை எத்தனை, பின்னேரம் எத்தனை, நைட் எத்தனை, ஓ.டி. எத்தனை, முழுதாக ஓஃப் கிடைத்த நாள் எத்தனை. பக்கத்தில் நித்திரை கொண்ட மணித்தியாலம். அதற்குக் கீழே, கடன் கட்ட மாதம் உண்மையில் எவ்வளவு வேண்டும், அதற்கு எத்தனை ஓ.டி. போதும் என்று போடுங்கள். எனக்குத் தெரிந்த பலர் இந்தக் கணக்கைப் போட்டதே இல்லை. ஓ.டி. காசைச் சம்பளமாகவே நினைத்துச் செலவைக் கூட்டி, பிறகு அந்தச் செலவுக்காக ஓ.டி. தேடுகிறார்கள். கட்டாரில் இருக்கும் மனுசனையும் இந்தக் கணக்குக்குள் இழுங்கள். இது உங்கள் ஒருவரின் கடன் இல்லையே.

பிறகு அந்தக் கொப்பியோடு சிஸ்டரிடம் போங்கள். ‘எனக்கு ஏலாம இருக்கு சிஸ்டர்’ என்று தொடங்கினால் மறுபடியும் குணத்தில்தான் போய் நிற்கும். “அடுத்த மாதம் நான் நாலு ஓ.டி. செய்வன் சிஸ்டர், திகதி இந்த நாலும். நைட் முடிஞ்ச நாள் என்னைக் கூப்பிட வேணாம்” என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். இணங்கிப் போகிறவர்களுக்கு ‘ஏலாது’ என்ற சொல் வாயில் வராது. ‘இவ்வளவு செய்வேன்’ என்பது வரும், அதே வேலையைச் செய்யும். போன் வந்தால் உடனே பதில் சொல்லாதீர்கள். “பத்து நிமிசத்தில எடுக்கிறன்” என்று வைத்துவிட்டுத் தண்ணீர் குடியுங்கள். அந்தப் பத்து நிமிசத்துக்குள் அவர்கள் வேறு ஒருவரைப் பிடித்திருப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

அதிகம் யோசிக்கிற குணத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைக்கும்போது ‘ஏழாம் கட்டிலுக்கு இன்சுலின் போட்டேனா’ என்று நினைவு வந்து வாட்டுக்குப் போன் எடுக்கிற ஆள் நீங்கள் என்று பந்தயம் கட்டுவேன். அதை நிறுத்த முயலாதீர்கள், நிற்காது. டியூட்டியை அடுத்தவரிடம் கையளிக்கும் நேரத்தில் மேசையில் நின்று கொப்பியைப் பார்த்துச் சொல்வதை விட்டுவிட்டு, அடுத்த மிஸ்ஸியோடு கட்டில் கட்டிலாக நடந்து, மருந்துத் தாளில் விரல் வைத்து வாய்விட்டுச் சொல்லுங்கள். வாயால் சொன்னதும் விரலால் தொட்டதும் மனதில் தங்கும். அதற்குப் பிறகும் சந்தேகம் வந்தால் ஒரேயொரு போன், அதுவும் ஒரு மணித்தியாலத்துக்குள். இந்தக் குணத்தை நான் குறையாகவே பார்ப்பதில்லை. என் அம்மாவை வாட்டில் விட்டால் இப்படிப்பட்ட மிஸ்ஸி டியூட்டியில் நிற்க வேண்டும் என்றுதான் கும்பிடுவேன்.

அந்த மகளின் கதைக்கு வருகிறேன். அவள் ஏன் மூன்று தரம் வந்தாள்? தகப்பனுக்குச் சிறுநீரகம் என்ன பாடு, இரத்தத்தில் என்ன கூடியிருக்கிறது என்று அவளுக்கு ஒன்றும் விளங்காது. அந்தக் கட்டிலைச் சுற்றி அவளுக்கு விளங்குகிற ஒரே சாமான் அந்தச் சேலைன் போத்தல்தான். தண்ணீர் இறங்குகிறது, முடியப்போகிறது, முடிந்தால் காற்று ஏறும் என்று பயம். எங்கள் ஆட்களில் அரைவாசிப் பேருக்கு அந்தப் பயம் இருக்கிறது. என்னை வளர்த்த ஒரு மூத்த மிஸ்ஸி, சேலைன் ஏற்றும்போதே சின்னப் பிளாஸ்டர் துண்டு ஒன்றைப் போத்தலில் கீழ்ப்பக்கம் ஒட்டிவிட்டு, “இந்தக் கோட்டுக்கு வந்தா வாங்க மகள், அதுக்கு முதல் ஒண்டும் ஆகாது” என்பார். அரை நிமிச வேலை. கூட நிற்கிறவர்களுக்கு ஒரு பொறுப்புக் கொடுத்த மாதிரியும் ஆச்சு. அந்த வாட்டில் சேலைனுக்காக ஓடி வருகிறவர்கள் மிகக் குறைவு.

நீங்கள் கத்தியது பிழை. அதைக் களைப்பு என்று சொல்லி நான் துடைத்துவிடப் போவதில்லை. ஆனால் அந்த ஐயா இறந்ததற்கும் நீங்கள் கத்தியதற்கும் தொடர்பில்லை. உங்கள் மனம் இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டி வைத்திருக்கிறது, அதை அவிழுங்கள். மன்னிப்புக் கேட்க உடனே செத்த வீட்டுக்கு ஓடவும் வேண்டாம். துக்கத்தில் இருக்கும் பிள்ளையின் மடியில் உங்கள் பாரத்தையும் இறக்கி வைத்ததாகிவிடும். மட்டக்களப்பு பெரிய ஊரா என்ன, சந்தையிலோ கோயிலடியிலோ ஒருநாள் எதிர்ப்படுவாள். அன்றைக்கு “அண்டைக்கு நான் கத்தினது பிழை மகள்” என்று ஒரு வரி சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம்.

இத்தனையும் சொன்னேன், ஒன்றை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கிழமையே இரத்தம் கொடுத்து ஹீமோகுளோபினும் தைரொய்டும் சீனியும் பாருங்கள். மற்றவருக்கு ஆயிரம் தரம் இரத்தம் எடுத்துவிட்டுத் தன் இரத்தசோகையைக் கவனிக்காத மிஸ்ஸிமார் எனக்குப் பலரைத் தெரியும். அடுத்து, ஓஃப் நாளிலும் இப்படித்தானா என்று பாருங்கள். வேலைத்தலத்தில் மட்டும் மனம் வற்றி, வீட்டில் மகன் ஓடி வந்து கட்டிப்பிடித்தால் முகம் மலர்கிறது என்றால் ஒன்று. வீட்டிலும் ஒன்றிலும் விருப்பம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, விடியமுன் மூன்று மணிக்கு முழிப்பு வருகிறது, இரண்டு கிழமைக்கு மேல் இப்படியே போகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு வைத்தியர் வேண்டும், என் கடிதம் போதாது. ‘விடியாமலே போனால் நல்லது’ என்ற நினைப்பு ஒருதரம் வந்தாலும் அன்றைக்கே போங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தெரிந்தவர்கள் கண்ணில் படும் என்று கூச்சமாக இருந்தால் கல்முனைப் பக்கம் போய்க் காட்டுங்கள். நடுச்சாமத்தில் கதைக்க ஆள் வேண்டும் என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் 24 மணித்தியாலமும் எடுக்கும்.

குணம் மாறுமா என்று கேட்டீர்கள். மாறும், மெதுவாக. வயது போகப் போகப் பெரும்பாலானவர்களுக்கு மனத்தளம்பல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்குவதாக நீண்டகால ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அடுத்த மாத ரோஸ்டர் அதற்காகக் காத்திருக்காது.

வேலையை விடுவதா என்ற முடிவை நைட் முடிந்து வந்த காலையில் எடுக்காதீர்கள். மூன்று மாதம் ஓ.டி.யைக் குறைத்து, நித்திரையைத் திருத்திப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஸ்கூட்டியில் அந்தப் பத்து நிமிசம் குறையவில்லை என்றால், சேவையை விட முன் விடுதியை மாற்றிக் கேளுங்கள். பார்த்துப் பார்த்துச் செய்கிற, இரண்டு தரம் சரிபார்க்கிற கைக்கு மருத்துவ விடுதிதான் இடம் என்று எழுதி வைத்திருக்கிறதா? சத்திரசிகிச்சைக் கூடம் இருக்கிறது, டயலிசிஸ் இருக்கிறது, கிளினிக் இருக்கிறது. தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதி என்ற வேலை உங்களைப் போல ஆட்களுக்கே தைத்து வைத்த சட்டை. கட்டாருக்கு நீங்களும் போகலாம் என்று வீட்டில் கதை எழும்பும், எழும்பட்டும். மகனுக்கு ஏழு வயது என்பதையும் அந்தக் கதையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கடிதத்தில் அந்தக் கொப்பிக் கணக்கை எழுதுங்கள். ஓ.டி. எத்தனை, ஓஃப் எத்தனை, நித்திரை எத்தனை மணித்தியாலம். பரீட்சை முடிவு அனுப்ப வேண்டாம்.